மேடைச் சொல் – 17: வெள்ளி நாக்கு தழுதழுத்தபோது

காலட்சேப மேடையில் பாகவதர் தன்னைத் தாழ்த்திக்கொண்டு கதைக்குள் நுழைவதைப் பற்றிப் போன வாரம் பார்த்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். இந்த வாரம் நந்தனார் சரித்திரம் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ரைட் ஹானரபிள் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் குறுக்கே வந்துவிட்டார். அவரை நகர்த்திவிட்டு எழுத எனக்கு மனமில்லை. இந்தத் தொடர் முழுக்க நான் பிடித்துக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றுதான். பேச்சாளரின் பலத்தைக் கண்டு சபை வியக்கிறது, கைதட்டுகிறது, வீட்டுக்குப் போய்விடுகிறது. அதே மனிதரின் பலவீனம் ஒரு கணம் தெரிந்துவிட்டால், சபை ஏன் அவரை நெருங்கி வருகிறது? எல்லாப் பலவீனத்தையும் சபை அப்படி ஏற்றுக்கொள்வதில்லை என்பதும் நமக்குத் தெரியும். எதை ஏற்கிறது, எதைக் கண்டு முகம் திருப்பிக்கொள்கிறது என்று விசாரிக்க, சென்னை தந்த சாட்சிகளில் சாஸ்திரியாரைவிடப் பொருத்தமானவர் கிடையாது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் வெள்ளி நாக்கு என்று பெயர் வாங்கியவர் அவர். அந்த நாக்கு தழுதழுத்ததும் இதே ஊரில்தான்.

முதலில் அவருடைய பலத்தைப் பார்த்துவிடுவோம். கும்பகோணத்துக்கு அருகே வலங்கைமானில் 1869 செப்டம்பர் 22 அன்று பிறந்தவர். திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் தலைமையாசிரியராக இருந்தவர், 1907இல் அந்த வேலையை விட்டுவிட்டு கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915இல் கோகலே மறைந்தபின் சங்கத்தின் தலைவரானார். 1919 பிப்ரவரியில் டெல்லி சட்டசபையில் ரௌலட் மசோதா விவாதத்துக்கு வந்தது. சாஸ்திரியார் எழுந்து அதை எதிர்த்துப் பேசினார். விசாரணை இல்லாமல் மனிதர்களைச் சிறையில் வைக்கும் சட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அரசாங்கத்தை எச்சரித்தார். பார்வையாளர்களில் காந்தியும் இருந்தார். தன் வாழ்நாளில் சட்டசபை நடவடிக்கையைப் பார்க்கப் போனது அந்த ஒரே ஒரு தடவைதான் என்று பிற்பாடு தன் சுயசரிதையில் எழுதினார். வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு பிரபு சாஸ்திரியாரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கட்டுண்டு கேட்டதையும், இந்தப் பேச்சுக்கு அவர் மனம் இளகாமல் போகாது என்று ஒரு கணம் தனக்கே தோன்றியதையும் அதில் பதிவுசெய்திருக்கிறார். மனம் இளகவில்லை. உறங்குகிறவனை எழுப்பலாம், உறங்குவதுபோல் கிடப்பவனை எழுப்ப முடியாது என்று நம் வீடுகளில் சொல்வோமே, காந்தி வந்து சேர்ந்த முடிவும் அதுவேதான். இந்திய உறுப்பினர்கள் எதிர்த்தும் மார்ச் மாதத்தில் மசோதா சட்டமானது. பிசிறில்லாத ஆங்கிலம், பிசிறில்லாத தர்க்கம், குறையென்று சொல்ல எதுவுமில்லாத ஒரு பேச்சு, கண்ணெதிரே வீணானது.

அதே மார்ச்சில் காந்தி சென்னையில் இருந்தார். கதீட்ரல் சாலையில் கஸ்தூரிரங்க ஐயங்காருக்குச் சொந்தமான பங்களாவில் ராஜாஜி குடியிருந்தார். காந்தி தங்கியது அங்கேதான். முந்தைய ஆண்டு வயிற்றுக்கடுப்பு அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோயிருந்தது. உடம்பு இன்னும் தேறவில்லை, நின்று பேசத் தெம்பில்லை. கடற்கரையில் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. உடல் பலவீனத்தால் நேரே பேச இயலவில்லை என்ற வருத்தத்தோடு அவர் எழுதிக் கொடுத்ததை இன்னொருவர் படித்தார். ஒலிபெருக்கி இல்லாத காலம். பேச்சாளர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார், வேறொருவர் குரலில் அவர் சொற்கள் வருகின்றன. மேடைக் கலையின் எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் இது தோல்வி. ஆனால் அந்தச் சென்னை நாட்களில்தான், ஒரு விடியற்காலை அரைத்தூக்கத்தில், நாடு முழுவதும் ஒரு நாள் வேலையை நிறுத்தி உபவாசம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அதை முதலில் ராஜாஜியிடம் சொன்னார். 1919 ஏப்ரல் 6 அன்று நாடு கடையடைத்தது.

இந்த ஒப்பீடு நியாயமில்லை என்று ஒரு வாசகர் சொல்லலாம். சட்டசபையில் அதிகாரிகளின் கை ஓங்கியிருந்தது, சரஸ்வதியே வந்து பேசியிருந்தாலும் மசோதா நிறைவேறியிருக்கும். கடற்கரையில் கூடியவர்கள் ஏற்கெனவே காந்தியின் பக்கம் சாய்ந்தவர்கள். கடையடைப்புக்கும் அந்த ஒரு கூட்டத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. இவை எல்லாமே உண்மை. சாஸ்திரியாரின் பேச்சு குறைவானது என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேச்சும் கேட்பவரை எங்கே நிறுத்துகின்றன என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். சட்டசபைப் பேச்சில் கேட்பவர் நீதிபதி. அவர் ரசிக்கலாம், ஒப்புக்கொள்ளலாம், தள்ளுபடி செய்யலாம்; எப்படியும் பேச்சாளரின் திறமைக்கு வெளியே அவருக்கு வேலை கிடையாது. கடற்கரையில் உட்கார்ந்திருந்தவரோ, என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்பதைத் தன் உடம்பாலேயே காட்டிவிட்டார். சத்தியாக்கிரக உறுதிமொழியில் கையெழுத்திட்டு, சிறைக்குப் போகவும் தயாராக இருந்தவர். மீதியை யார் செய்வது என்ற கேள்வி அந்த நிமிடமே கூட்டத்தின் பக்கம் போய்விடுகிறது. குறையில்லாத பேச்சு, கேட்பவருக்கு எந்த வேலையும் வைப்பதில்லை.

இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்டு விடாத செய்தி இனிமேல்தான் வருகிறது. காந்தியின் சுயசரிதை 1925 முதல் 1929 வரை நவஜீவன் இதழில் குஜராத்தியில் வாராவாரம் வந்த தொடர். வாரப் பத்திரிகைத் தொடராக எழுதப்பட்டு உலகப் புத்தகமான ஒன்றை நினைக்கையில் இந்தப் பக்கத்தை எழுதுகிறவனுக்கு உற்சாகமாக இருக்கிறது. பெரும்பகுதியை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1940இல் வந்த திருத்திய பதிப்பின் முன்னுரையில், ஆங்கிலப் புலமைக்குப் பெயர்பெற்ற மரியாதைக்குரிய நண்பர் ஒருவர் மொழிபெயர்ப்பு முழுவதையும் கவனமாகத் திருத்திக் கொடுத்தார் என்றும், தன் பெயரை எக்காரணம் கொண்டும் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையின்பேரில்தான் அவர் அதற்குச் சம்மதித்தார் என்றும் தேசாய் குறிப்பிடுகிறார். பெயர் சொல்லாத அந்த நண்பர் சீனிவாச சாஸ்திரியார். இன்று உலகம் படிக்கும் காந்தியின் ஆங்கிலச் சுயசரிதை, ஒவ்வொரு வாக்கியமாகச் சாஸ்திரியாரின் கையைக் கடந்து வந்தது. இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள், சாஸ்திரியார் பத்து நாள் மூத்தவர். ஒத்துழையாமை இயக்கத்தைச் சாஸ்திரியார் ஏற்கவில்லை, வெளிப்படையாகவே எதிர்த்தார். அப்படியும் நட்பு அறுபடவில்லை. இப்படிப்பட்ட இருவரில் ஒருவர், மற்றவர் தன்னைப் பற்றிச் சொன்ன உண்மைக்குப் பேர் தெரியாமல் காவலிருந்தார்.

அந்தக் கைக்கு என்னென்ன பக்கங்கள் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லண்டனில் மாணவராக இருந்த காந்தி, சைவ உணவுக்காரர்கள் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தும் வாய் திறக்காதவர். டாக்டர் ஆலின்சன் என்ற உறுப்பினரைக் கருத்தடை பற்றிய கருத்துக்காகச் சங்கத்தைவிட்டு நீக்கத் தலைவர் முனைந்தபோது, அந்தக் கருத்தில் தனக்கு உடன்பாடில்லை என்றாலும் நீக்குவது அநியாயம் என்று காந்திக்குப் பட்டது. சொல்லத் துணிவில்லை, எழுதிக் கொண்டுபோனார். எழுதியதைப் படிக்கவும் துணிவு வரவில்லை, வேறொருவர் படித்தார். ஆலின்சன் தோற்றார். வென்ட்னர் என்ற கடலோர ஊரில் நடந்த கூட்டத்தில் அவர் எழுதி வைத்திருந்தது ஒரு தாளுக்கு மேல் இல்லை. எழுந்து நின்றார், பார்வை மங்கியது, உடல் நடுங்கியது. கூட வந்த மஜும்தார் படித்து முடித்தார். லண்டனைவிட்டுக் கிளம்பும்போது ஹோபார்னில் ஓர் உணவகத்தில் நண்பர்களுக்கு விருந்து வைத்தார். ஆங்கில எழுத்தாளர் அடிசன் பாராளுமன்றத்தில் தொடங்கிய சொல்லையே மூன்று முறை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்ட கதையை வேடிக்கையாகச் சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம் என்று திட்டமிட்டிருந்தார். முதல் வாக்கியத்தோடு எல்லாம் மறந்துபோயிற்று. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்புறம் பம்பாயில், முதல் வழக்கில், குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றியது. வாங்கிய முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். இந்தத் தோல்விகளை எல்லாம் தானே ஊருக்குச் சொன்ன மனிதரின் வாக்கியங்களை, அந்தக் காலத்து இந்தியாவின் ஆகச் சிறந்த ஆங்கிலப் பேச்சாளர் செம்மைப்படுத்தினார். இன்னும் ஒன்று. டெல்லியில் சாஸ்திரியாரின் மகத்தான பேச்சு ஒன்றும் செய்யாமல் போனதைக் காந்தி எழுதிய பத்தியும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. அதுவும் அவர் கைக்கு வந்தது. அந்தப் பத்தி இன்றும் புத்தகத்தில் இருக்கிறது.

இங்கே வள்ளுவர் குறுக்கிடுகிறார், அவரைத் தாண்டிப் போக முடியாது. அவையறிதலுக்கு அடுத்த அதிகாரமாக அவையஞ்சாமையை வைத்தவர் அவர். நுண்ணிய அவைக்கு அஞ்சுகிறவனிடம் இருக்கும் நூலறிவு, வீரமில்லாதவன் கையில் இருக்கும் வாளுக்குச் சமம் என்பது அவருடைய தீர்ப்பு. அப்படியானால் நடுக்கத்தைப் போற்றும் இந்தத் தொடர் வள்ளுவருக்கு எதிராகப் பேசுகிறதா? இல்லை. ஆலின்சன் விஷயத்தில் காந்தி வள்ளுவரிடம் தோற்றவர்தான். அநியாயம் என்று தெரிந்தும் தன் வாயால் சொல்லவில்லை. வாயை அடைக்கும் பயத்தில் எந்தச் சக்தியும் கிடையாது. சபை பார்த்து முகம் திருப்பிக்கொள்வது அதைத்தான். 1919இல் கடற்கரையில் இருந்ததோ வேறு. குரல் இல்லாதபோதும், சொல்ல வேண்டியது சபைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று வந்து உட்கார்ந்தவர் அவர். அவைக்கு அஞ்சாதவர் என்றால் நடுங்காதவர் என்று வள்ளுவர் எங்கும் சொல்லவில்லை. நடுக்கத்தைச் சபை பார்த்துவிடும் என்பதற்கு அஞ்சாததும் அவையஞ்சாமைதான் என்பது என் வாசிப்பு.

இனி மயிலாப்பூர். 1942இல் ஜப்பான் குண்டு போடும் என்ற பீதியில் பாதி ஊர் காலியாகி, பின்னர் மெல்ல மெல்லத் திரும்பி வந்திருந்தது. 1944இல் சம்ஸ்கிருத அகாதெமியின் ஏற்பாட்டில் சாஸ்திரியார் வால்மீகி ராமாயணம் பற்றி முப்பது சொற்பொழிவுகள் ஆற்றினார். ஏப்ரலில் தொடங்கி நவம்பர்வரை நடந்தன. அந்த ஆண்டு அவருக்கு எழுபத்தைந்து நிறைந்தது. உடல்நலம் நெடுநாளாகவே சரியில்லை. பேசியது ஆங்கிலத்தில். தொடக்கத்திலேயே தன் நிலையைத் தெளிவாக்கிவிட்டார்: ராமனை அவதாரமாக வைத்துப் பேசப் போவதில்லை, மனிதனாக வைத்தே பேசப் போகிறேன் என்றார். மயிலாப்பூரில், ராமாயணம் பாராயணமாக ஓதப்படும் வீடுகளுக்கு நடுவில், வேதமும் சாஸ்திரமும் படித்தவர்கள் முன்வரிசையில் இருக்கும் சபையில் இதைச் சொல்வது சின்ன விஷயமில்லை. அவருடைய முதல் திறப்பு இதுதான். கண்ணீர் அதற்குப் பிறகே வந்தது.

கண்ணீர் வந்தது என்பதும், சீதையின் துயரத்தைப் பேசும் இடங்களில் அந்தப் புகழ்பெற்ற குரல் உடைந்தது என்பதும் அந்தச் சொற்பொழிவுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் சொல்வது. இரண்டு திறப்புக்கும் உள்ள தொடர்பைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. வால்மீகியின் ராமன் ஆரணிய காண்டத்தில் மரங்களிடமும் விலங்குகளிடமும் சீதையைக் கண்டீர்களா என்று கேட்டுக்கொண்டு பித்துப்பிடித்தவன்போல் அலைகிறான். அவன் எல்லாம் அறிந்த இறைவன் என்று வைத்துக்கொண்டால், அந்த அலைச்சல் ஒரு லீலை; பக்தன் அதைப் பார்த்து உருகலாம், ஆனால் முடிவு அவனுக்கு முன்பே தெரியும். மனிதன் என்று வைத்துக்கொண்டாலோ, அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவள் உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது. அப்போதுதான் துக்கம் துக்கமாகிறது, யுத்தம் முடிந்தபின் அவன் அவளிடம் பேசும் கடுஞ்சொல்லும் மனிதன் செய்த தவறாகக் கண்ணில் படுகிறது. ராமனை மனிதனாக எடுத்துக்கொண்ட பேச்சாளர் தனக்கிருந்த கவசத்தையும் கூடவே கழற்றிவிட்டார். அதனால் அந்தக் கண்ணீர் அவர் வைத்த வாதத்தின் ஒரு பகுதி. இன்னொன்றையும் கவனியுங்கள்: தன் நோய், தன் இழப்பு, தன் ஏமாற்றம் என்று தன்னைப் பற்றிய துயரக்கதை சொல்லி அவர் அழவில்லை. உடைந்தது அவர் குரல், அதற்குக் காரணம் சீதை.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைக்கு அடையாறிலும் தி. நகரிலும் நடக்கும் பேச்சுப் பயிற்சிகளில், தொடக்கத்திலேயே உங்கள் சொந்தக் காயத்தைச் சொல்லுங்கள், சபை உங்கள் பக்கம் வந்துவிடும் என்று கற்றுத்தருகிறார்கள். 2010இல் ஹூஸ்டனில் பிரனே பிரவுன் என்ற ஆய்வாளர் ஆற்றிய உரை உலகமெங்கும் பரவியதிலிருந்து இந்தப் பாடம் வலுப்பெற்றது. அவர் சொன்னது பலன் நிச்சயமில்லாமல் தன்னைத் திறந்துகாட்டும் துணிவைப் பற்றி. பலனை முன்கூட்டியே கணக்கிட்டுக் காயத்தை எடுத்து வைப்பது அதற்கு நேர் எதிர். மேடைக் கண்ணீரையும் ஒத்திகை பார்க்கலாமே, சாஸ்திரியாருடையது மட்டும் எப்படி உண்மை என்று கேட்பவர்களுக்கு, ஒருவருடைய நெஞ்சைத் திறந்து பார்க்கும் கருவி என்னிடம் இல்லை என்பதே பதில். ஆனால் நம் இலக்கணம் இதை முன்பே யோசித்திருக்கிறது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. எதன் காரணமாக அழுகை பிறக்கிறது என்பதுதான் அங்கே முதல் கேள்வி. சபையும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. மேடையில் ஒருவர் அழும்போது, இவர் எதற்காக அழுகிறார், இதனால் இவர் எதை இழக்கிறார் என்று அது தன்னை அறியாமல் எடைபோடுகிறது. பிசகாத ஆங்கிலத்தால் பெயரெடுத்த ஒருவர், அந்த ஆங்கிலமே தடுமாறும்படி அழுதால், இழப்பது தன் வாழ்நாள் சம்பாத்தியத்தை. லாபத்துக்கு அழுகிறவரிடம் அந்த இழப்பு இருக்காது.

கடைசி ஆட்சேபம் எல்லாவற்றிலும் கடினமானது. இதற்கு முழுப் பதிலும் இந்த வாரம் சொல்லி முடியாது. சாஸ்திரியார் பிரிவி கவுன்சில் உறுப்பினர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர், சாதியாலும் படிப்பாலும் பதவியாலும் மேலே நின்றவர். அவர் அழுதால் அது பெருந்தன்மை. அதே மேடையில் ஒரு பெண் அழுதால் பலவீனம் என்பார்கள், ஒடுக்கப்பட்டவர் அழுதால் இரக்கப்பட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். உடைவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறதே, அது எல்லோருக்கும் எங்கே கிடைக்கிறது? இந்த ஆட்சேபம் சரியானது. இதை ஒதுக்கிவிட்டு மனந்திறந்து பேசுங்கள் என்று யாருக்கும் உபதேசம் செய்ய நமக்கு உரிமை இல்லை. இதற்கு நான் கண்ட பதில் சாஸ்திரியாரின் கூடவே இருந்தது. அவருடைய கடிதங்களைத் தொகுத்துப் பதிப்பித்த டி.என். ஜகதீசன் இளவயதிலேயே தொழுநோயால் பாதிக்கப்பட்டவர். அந்த நோயின் பெயரைச் சொன்னாலே வாசல் மூடிய காலத்தில், அதை மறைக்காமல் வெளியே சொல்லி, தன்னைப்போன்ற நோயாளிகளுக்காக உழைத்தார். விழுப்புரத்துக்கு அருகே மழவந்தாங்கலில் இருக்கும் கஸ்தூரிபா குஷ்ட நிவாரண நிலையத்தின் வரலாற்றில் அவர் பெயர் இருக்கிறது. தொழுநோயின் வழியே கண்ட நிறைவு என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் சுயசரிதையும் எழுதினார். பாதுகாப்பான உயரத்தில் நின்று திறந்துகாட்டியவர் இல்லை அவர். திறந்துகாட்டினால் வேலை, வீடு, உறவு எல்லாமே போகக்கூடிய இடத்தில் நின்றவர்.

1946 ஜனவரியில் தி. நகர் தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபாவின் வெள்ளிவிழாவுக்காகக் காந்தி சென்னை வந்தார். அப்போது பொது மருத்துவமனையில் இருந்த சாஸ்திரியாரைப் போய்ப் பார்த்தார். அந்த ஏப்ரல் 17 அன்று சாஸ்திரியார் காலமானார். சொற்பொழிவுகளை அகாதெமி நூலாக வெளியிட்டபோது அவர் இல்லை. லஸ்ஸில் ரானடே நூலகத்தின் மாடியில் இருக்கும் அரங்கு அவர் பெயரில் இன்றும் நடக்கிறது. கச்சேரிக்கோ உபன்யாசத்துக்கோ அங்கே போகிறவர்கள், அந்த ராமாயணச் சொற்பொழிவுகளை ஒருமுறையாவது எடுத்துப் படியுங்கள். அச்சில் குரல் கேட்காது என்றாலும், எந்த இடங்களில் அது உடைந்திருக்கும் என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. அடுத்த வாரம் ஜகதீசன். நந்தனார் சரித்திரம் அதற்கும் அடுத்த வாரம்.